கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்

நான் வக்கீல் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு சரக்கு கிளியரிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், ஆயாமார்களுக்கு முதியோர் உதவித்தொகை ஃபாரம் நிரப்பிக்கொடுப்பதும் உபரி வேலை. ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியை நம்பித்தான் பக்கத்து வீட்டு அக்கா அந்த ஆடி வெள்ளி ராத்திரி என் கதவைத் தட்டினார். அதிலிருந்து தெருவில் யாருக்குப் போலீஸோடு தகராறு வந்தாலும் என்னிடம் வருகிறார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் உதவும் என்று, ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதிவைக்கிறேன்.

அக்கா மகனுக்கு அப்போது இருபது வயது. கோயிலில் கூழ் ஊற்றி முடிந்தது. இங்கே அதை ‘போரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். பெரியம்மாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் போலீஸ் வண்டி மறித்தது. லைசென்ஸ் கேட்டார்கள், கொடுத்தான். டிக்கியைத் திற என்றார்கள். எதற்கு என்று கேட்டான். இதுவரை இரண்டு தரப்பும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி உதைத்தார்கள், கண்ணில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார்கள் என்பது பையன் சொல்வது. அவன்தான் ஒரு போலீஸ்காரரைத் தள்ளினான், அடக்க வேண்டியதாகிவிட்டது என்பது போலீஸ் எழுதியது. நெற்றி கிழிந்து, ஒரு பக்கக் காது வீங்கி, லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் வேலைக்கு இடைஞ்சல் செய்தான், கைதை எதிர்த்தான் என்று அவன் மேலேயே குற்றச்சாட்டு. எந்த ஸ்டேஷன், தேசியப் போலீஸா, நகராட்சியின் மெட்ரோ போலீஸா என்பதை எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் முழுதாக முடியவில்லை.

கவுண்டரில் எங்களிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் ஆபத்து என்று எனக்கு அப்புறம் தோன்றியது. “சின்ன விஷயம் ஆன்ட்டி. ஃபைன் கட்டுங்கள், பையன் இங்கே ஒரு கையெழுத்துப் போடட்டும், இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை வரை உள்ளே இருப்பான்.” அக்கா பர்ஸைத் திறந்துவிட்டார். எந்தத் தாய்தான் திறக்கமாட்டாள்? என் ஆபீஸ் நண்பர் ஒருவருடைய மைத்துனி வக்கீல். அவருக்கு போன் போட்டேன். “அது பெயிலா, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஃபைனா, அதைக் கேளுங்கள் முதலில்” என்றார். கேட்டோம். ஒப்புக்கொள்ளும் ஃபைன்தான்.

இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டிலும் பணம் கட்டுகிறோம், ரசீது வாங்குகிறோம், ஆள் வீட்டுக்கு வருகிறான். ஆனால் பெயில் என்பது கோர்ட்டுக்கு ஒழுங்காக வருவேன் என்பதற்கான பிணைப்பணம். தவறாமல் ஆஜரானால் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும், ரசீதைத் தொலைக்காமல் இருந்தால். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் ஃபைன் என்பது, கோர்ட் படி ஏறாமலேயே தண்டனை பெற்றதற்குச் சமம். கைரேகை எடுத்திருந்தால் குற்றப் பதிவேட்டில் பெயர் ஏறலாம். ஏறினால், நாளைக்கு வேலைக்கோ விசாவுக்கோ போலீஸ் சான்றிதழ் கேட்கும்போது அது தலைநீட்டும். அதைவிட முக்கியம், ‘என்னை அநியாயமாக அடித்தார்கள்’ என்று பிறகு வழக்குப் போட்டால், ‘இடைஞ்சல் செய்தேன் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே’ என்பார்கள். அடித்தவர்களுக்கு அந்தக் கையெழுத்தைவிட நல்ல கேடயம் கிடையாது.

இப்படிப்பட்ட சின்னக் குற்றச்சாட்டுகளுக்கு ஸ்டேஷனிலேயே பெயில் கொடுக்கப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் போனில் அதைக் கேட்டார். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர்கள் யாரும் அந்த முடிவை எடுக்க முன்வரவில்லை. அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் அந்தக் கெடு கோர்ட் நேரத்துக்கு வெளியே முடிந்தால் அடுத்த கோர்ட் நாள் முடியும்வரை நீளும். அதனால்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி பிடிபட்டால் திங்கட்கிழமை. அது போலீஸின் தந்திரம் என்று பலர் சொல்வார்கள். சில சமயம் தந்திரமாகவும் இருக்கலாம், ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. “தம்பி, உன் பிள்ளையாக இருந்தால் மூணு ராத்திரி உள்ளே விடுவாயா?” நான் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து பையன்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான்.

சரி, அப்படியென்றால் அந்த ராத்திரியில் வேறு என்ன செய்ய முடியும்? கைதில் இருப்பவருக்கு அரசு செலவில் தகுந்த மருத்துவம் பெறவும், சொந்த டாக்டர் வந்து பார்க்கவும் அதே 35-ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் வரும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது; ஓபி புத்தகம் என்பார்கள். அதில் எழுதச் சொல்ல வேண்டும். நெற்றியில் காயத்தோடு இருக்கிறான், டாக்டர் வேண்டும் என்று குடும்பம் இத்தனை மணிக்குக் கேட்டது. பதிவு எண் என்ன? இவ்வளவுதான். அந்த எண்ணைக் கேட்ட உடனே கவுண்டரில் பேச்சின் சாயல் மாறியதை நான் பார்த்தேன். எழுதியது ஒரு பெண் சார்ஜென்ட். கூட இருந்தவர் முணுமுணுத்ததையும் பொருட்படுத்தாமல், காயம் எங்கே இருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். பிறகு நடந்த எல்லாவற்றிலும் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த நாலு வரிதான். போலீஸ் என்றாலே எல்லோரும் ஒன்று என்று கோயில் வாசலில் யாராவது ஆரம்பித்தால் நான் அவரைப் பற்றிச் சொல்வேன்.

மறுநாள் காலை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜே-88 என்று ஒரு அரசு ஃபாரம் உண்டு. தாக்குதல் வழக்குகளில் டாக்டர் நிரப்புவது. மனித உடலின் படம் அதில் அச்சாகியிருக்கும், எந்த இடத்தில் என்ன காயம் என்று அந்தப் படத்திலேயே குறிக்க வேண்டும். நெரிசலில் இருக்கும் டாக்டர் ‘பல இடங்களில் சிராய்ப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடப் பார்ப்பார். பணிவாக, ஆனால் விடாமல், முதுகையும் காட்டச் சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால், விலா, மணிக்கட்டில் விலங்கு பதிந்த தடம், இவையெல்லாம் விட்டுப்போகிற இடங்கள். கன்றிப்போன காயம் அன்றைக்குச் சிவப்பாகத்தான் இருக்கும். ரெண்டு மூன்று நாள் கழித்துத்தான் கறுத்துத் தெளிவாகத் தெரியும். அதனால் போட்டோவை ஒரு தடவையோடு நிறுத்தாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முகம் தெரியும்படி ஒன்றும் காயம் மட்டும் ஒன்றுமாக, பல நாள் எடுத்தோம்.

திங்கட்கிழமை கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் கோப்பைப் புரட்டினார், நம் வக்கீல் ஜே-88-ஐக் காட்டினார், பையன்மேல் இருந்த குற்றச்சாட்டு வாபஸ் ஆனது. சில நிமிஷ வேலை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு கிரிமினல் வழக்கில் லீகல் எய்ட் சௌத் ஆஃப்ரிக்கா இலவசமாக வக்கீல் கொடுக்கிறது; கோர்ட்டிலேயே அவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள்.

அடித்தவர்கள்மேல் புகார் கொடுப்பது வேறு கதை. அதே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைத்துப் பயந்து விட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் எடுத்துத்தான் ஆக வேண்டும், கேஸ் நம்பர் தர வேண்டும். போலீஸுக்கு வெளியே ஐபிஐடி என்ற சுயேச்சையான புலனாய்வு அமைப்பும் இருக்கிறது. 2011-இல் சட்டம் வந்து 2012 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணத்திலும் அதற்கு ஆபீஸ் உண்டு, எங்கள் மாகாணமான குவாசுலு-நடாலுக்கு டர்பனில். காவலில் மரணம், போலீஸ் நடவடிக்கையால் மரணம், போலீஸ்காரர் துப்பாக்கியால் சுட்டது, பாலியல் வல்லுறவு, சித்திரவதை, அடிதடி ஆகியவற்றை அவர்கள் விசாரித்தே ஆக வேண்டும். தேசியப் போலீஸ், மெட்ரோ போலீஸ் இரண்டும் அவர்கள் வரம்புக்குள் வரும். அந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு எனக்குப் பிடித்தமானது. இப்படி ஒரு சம்பவம் தெரியவந்தால் ஸ்டேஷன் கமாண்டரே உடனே ஐபிஐடிக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். ஆகவே நாம் போய்க் கத்த வேண்டியதில்லை. ‘29-ஆம் பிரிவின்படி நீங்கள் தெரிவித்துவிட்டீர்களா, எந்தத் தேதியில்?’ என்று கமாண்டருக்கு ஒரு ஈமெயில். அது போதும்.

அடித்தது யார் என்பதிலும் தெளிவு வேண்டும். இந்த நாட்டில் போலீஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தனியார் செக்யூரிட்டி ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் திருட்டு என்றால் முதலில் வருவதே அவர்கள்தான். ராத்திரியில் துப்பாக்கியும் யூனிஃபாரமுமாக வந்தால் வித்தியாசம் தெரியாது. அவர்கள்மேல் புகார் என்றால் ஐபிஐடியிடம் போய்ப் பயனில்லை. அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பிசிராவுக்குப் போக வேண்டும், கூடவே சாதாரணக் குடிமகன்மேல் கொடுப்பது போல ஸ்டேஷனில் தாக்குதல் வழக்கு.

வாக்குமூலம் எழுதும்போது வக்கீல் ஒன்று சொன்னார். நான் அதுவரை யோசித்தே பார்க்காத விஷயம். “தள்ளினானா இல்லையா என்பதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கைவிலங்கு எப்போது மாட்டினார்கள், அதற்கு முன்னால் விழுந்த அடி எது, பின்னால் விழுந்தது எது, இதைப் பிரித்து எழுதுங்கள்.” 1995-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது, ஆனால் அந்தச் சூழ்நிலைக்கு நியாயமான குறைந்தபட்ச பலம் மட்டுமே. ஒருவன் திமிறும்போது மடக்கிப் பிடிப்பதை நீதிபதி ஏற்கலாம். விலங்கு மாட்டிக் குப்புறக் கிடப்பவனை உதைத்ததற்கு என்ன நியாயம் சொல்வார்கள்? பையன் நிதானமாக உட்கார்ந்து யோசித்ததில், கண்ணில் ஸ்ப்ரே அடித்தது விலங்குக்குப் பிறகு என்பது உறுதியானது. எதிரே இருந்த கடையின் கேமராவிலும் ஓரமாகப் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகள் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். கடைக்காரரிடம் முதல் திங்கட்கிழமையே எழுத்தில் கேட்டோம். அவர் தயங்கினார், அவருக்கும் போலீஸ் வேண்டியிருக்கிறதே. பிரதி தராவிட்டாலும் அழிக்காமல் வையுங்கள், விசாரணை அதிகாரி வந்து வாங்கிக்கொள்வார் என்றதும் ஒத்துக்கொண்டார்.

தெருவில் நின்று போனில் படம் எடுப்பது இங்கே குற்றமில்லை. 2013 பிப்ரவரியில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் டேவிட்டனில் மீடோ மாசியா என்ற மொசாம்பிக் டாக்சி டிரைவரைப் போலீஸ் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனதைச் சுற்றியிருந்தவர்கள் படம் எடுத்தார்கள். அவர் காவலில் இறந்தார். 2015-இல் எட்டுப் போலீஸ்காரர்களுக்குத் தலா 15 ஆண்டு சிறை. அந்த வீடியோ இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டர்பன்காரர்களுக்கு யோசிக்கவும் வேண்டாம், சொந்த ஊர்க் கதையே இருக்கிறது. 1977 ஆகஸ்டில் ஹூசேன் ஹஃபெஜி என்ற 26 வயதுப் பல் டாக்டர் பிரைட்டன் பீச் போலீஸ் ஸ்டேஷனில் இறந்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்று போலீஸ் சொன்னது, அன்றைய விசாரணையும் அப்படியே முடிந்தது. 2023 செப்டம்பரில்தான், மறுவிசாரணைக்குப் பிறகு, சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. எங்கள் தெருத் தாத்தாக்கள் நிறவெறி ஆட்சிக் காலத்து அரசியல் போலீஸான ஸ்பெஷல் பிராஞ்ச் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் குரலைத் தாழ்த்துவார்கள்.

அதே தாத்தாக்கள்தான் இன்னொன்றும் சொல்வார்கள்: “இந்தப் பயல்களை நாலு சாத்து சாத்தினால்தான் அடங்குவார்கள்.” சாட்ஸ்வொர்த்தில் ‘ஷுகர்ஸ்’ என்ற போதைத்தூள் எத்தனை வீட்டை அழித்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். வாஷிங் மெஷினைத் தூக்கி விற்ற மகனை வைத்துக்கொண்டு அழும் தாய்மார்கள் எங்கள் கோயிலில் இருக்கிறார்கள். ஆனால் அக்கா மகன் விஷயம் தெரிந்ததும் கோயிலில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “என்ன பண்ணினான்?” என்பதுதான். ஒன்றும் பண்ணவில்லை என்றதும் அனுதாபம் வந்தது. டிக்கியில் ஏதாவது இருந்திருந்தால்? அப்போதும் விலங்கு மாட்டியவனை உதைக்கக் கூடாதுதானே. இதை ஒரு பெரியவரிடம் சொன்னேன், அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இந்த ஊர்ச் சட்டத்திலேயே நம்ம பெயர் ஒன்று இருக்கிறது. கோவேந்தர் வழக்கு, 2001. திருட்டுக் காரிலிருந்து இறங்கி ஓடிய 17 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டதில் அவன் நடக்க முடியாமல் போனான். தந்தை வழக்குப் போட்டார். அது திருட்டுக் கார் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுட முடியாது, அவனால் யாருக்கு என்ன ஆபத்து என்பதை எடைபோட வேண்டும். மறு வருடம் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த வழியிலேயே போய், பழைய சட்டப் பிரிவைச் செல்லாது என்றது.

மனித அறிவியல் ஆய்வு மன்றத்தின் கணக்கெடுப்பில், 2022-இல் போலீஸை நம்புகிறவர்கள் 22 சதவீதம்தான். நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் பார்த்துவிட்டோம். 2021 ஜூலைக் கலவரத்தில் போலீஸ் கண்ணிலேயே படவில்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் குடியிருப்பவர்களே தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். அரசுக் கணக்குப்படி அங்கே 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். பயந்துபோய் வீட்டைக் காத்தவர்களும் இருந்தார்கள், கொலை செய்தவர்களும் இருந்தார்கள். போலீஸ் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வீறாப்பாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு அதுதான் காரணம்.

ஐபிஐடி விசாரணைக்குப் பொறுமை வேண்டும். வாக்குமூலம், அடையாள அணிவகுப்பு, மருத்துவ அறிக்கை, கேமராப் பதிவு என்று ஒவ்வொன்றாக நகரும். கேஸ் நம்பரைத் தலைப்பில் போட்டு மாதம் ஒரு ஈமெயில் அனுப்பினோம். போனில் பேசினால் பேசியதற்குச் சாட்சி இல்லை. விசாரணை முடிந்தால் இரண்டு பாதை. குற்றம் தெரிந்தால் கோப்பு அரசு வழக்குத் துறைக்குப் போகும். ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை என்றால், 30 நாளுக்குள் போலீஸ் அதைத் தொடங்கியாக வேண்டும் என்று அதே ஐபிஐடி சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. பரிந்துரை வந்த தேதியைக் கேட்டு வாங்கி நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

நஷ்டஈடு வழக்குக்குக் கெடு தனி. அரசு அமைப்பின்மேல் வழக்குப் போடுவதென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் வழக்கு. ஐபிஐடி முடிக்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்து இந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். நல்ல காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டில் கேட்கலாம்தான், ஆனால் அது இன்னொரு செலவு. ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்று வக்கீல்கள் எடுத்து நடத்துவார்கள். அப்படியானால் அவர் சாதாரணக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலோ, கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேலோ எடுக்கக் கூடாது, எது குறைவோ அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தேசியப் போலீஸ் என்றால் வழக்கு போலீஸ் அமைச்சரின் பெயரில், மெட்ரோ என்றால் நகராட்சியின் பெயரில். கொடுக்கப்போவது நம் வரிப்பணம்தான், உதைத்தவருடைய சம்பளத்தில் ஒரு ராண்டு குறையாது. அதனால்தான் பணம் கிடைத்தால் போதும் என்று ஒழுங்கு விசாரணையைக் கைவிட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பையன் விஷயத்தில் ஒருவருக்கு இறுதி எச்சரிக்கை கிடைத்தது. இன்னொருவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டதால் அவர்மேல் ஒழுங்கு விசாரணை தொடரவில்லை. கிரிமினல் கோப்பு மட்டும் உயிரோடு இருக்கிறது. அக்காவுக்கு இது போதவில்லை, எனக்கும்தான். நஷ்டஈடு வழக்கில் சமரசப் பேச்சு நடக்கிறது. அவர்கள் சொன்ன முதல் தொகையைப் பையன் வேண்டாம் என்றுவிட்டான். பணம் எவ்வளவு என்பதல்ல அவன் பிரச்சினை. சமரச ஒப்பந்தத்தில் ‘பொறுப்பை ஏற்காமல்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறான்.